தீ வரும் முன்பே எடுக்க வேண்டிய முடிவு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் யார்னெல் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 650. அதில் பலர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று அமைதி தேடி வந்தவர்கள். ஊரின் ஓரத்தில், பாறைக் குன்றுகளின் அடிவாரத்தில், போல்டர் ஸ்பிரிங்ஸ் என்ற பண்ணை. 2013 ஜூன் 30 மாலை காட்டுத்தீ அந்தப் பண்ணையைச் சுற்றி வளைத்து எரிந்துவிட்டுக் கடந்துபோனது. வீட்டுக்குள் இருந்த உரிமையாளர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடும் தப்பியது. அதே மாலை, பண்ணையிலிருந்து அரை கிலோமீட்டர் சொச்சம் தொலைவில், புதர்க்காட்டுக்குள் 19 தீயணைப்பு வீரர்கள் இறந்துபோனார்கள். அவர்கள் நடந்துகொண்டிருந்ததே அந்தப் பண்ணையை நோக்கித்தான்.

பண்ணை தப்பியதில் மர்மம் எதுவும் இல்லை. வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். தீ வந்தபோது பற்றிக்கொள்ள அங்கே எதுவும் கிடைக்கவில்லை. ஆபத்து என்றால் ஒதுங்குவதற்கு நம்பிக்கையான இடம் என்று அன்று காலையே தீயணைப்புக் குழுக்களுக்கு அது அடையாளம் காட்டப்பட்டிருந்தது. யாரும் வந்து காப்பாற்றத் தேவையில்லாத வீடு அது. காப்பாற்ற வந்தவர்களையே காப்பாற்றியிருக்கக்கூடிய வீடும்கூட. ஒவ்வொரு பெரிய தீக்குப் பிறகும் இன்னும் அதிக விமானம், இன்னும் அதிக ஆள், இன்னும் அதிக நிதி என்று பேச்சு கிளம்புகிறது. அந்தப் பேச்சில் இந்தப் பண்ணை ஏனோ இடம்பெறுவதே இல்லை.

இறந்தவர்கள் கிரானைட் மவுன்டன் ஹாட்ஷாட்ஸ் என்ற குழுவினர். தீயின் மிகச் சூடான பகுதியில் இறங்கி வேலை செய்யும் 20 பேர் கொண்ட குழுவுக்கு அங்கே ஹாட்ஷாட் என்று பெயர். தண்ணீர் பீய்ச்சுவது இவர்களுடைய பிரதான வேலை கிடையாது. சங்கிலி ரம்பத்தால் புதரை அறுத்து, ஒரு பக்கம் கோடரியும் மறு பக்கம் மண்வெட்டியுமாக இருக்கும் ‘புலாஸ்கி’யால் வேரோடு பெயர்த்து, வெறும் மண் தெரியும்வரை சுரண்டி, தீ தாண்ட முடியாத ஒரு கோடு போடுவதுதான் வேலை. முதுகில் இருபது கிலோ மூட்டை. வெயில் நாற்பது டிகிரிக்கு அருகில். பிரெஸ்காட் நகரத் தீயணைப்புத் துறையைச் சேர்ந்தது இந்தக் குழு. அன்றைக்கு நாட்டிலேயே ஒரு நகராட்சி நடத்திய ஒரே ஹாட்ஷாட் குழு இதுதான். இறந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள்.

அதே ஜூன் மாதத்தில், பிரெஸ்காட் அருகே மூண்ட டோசி தீயில், நாட்டின் மிகப் பெரிய ஜூனிபர் மரங்களில் ஒன்றை இவர்கள் காப்பாற்றினார்கள். செய்தது இவ்வளவுதான்: தீ வருவதற்கு முன்னே போய் மரத்தைச் சுற்றியிருந்த புதரை வெட்டி அகற்றினார்கள். தீ சுற்றிக்கொண்டு போய்விட்டது. பிறகு அந்த மரத்தின் முன்னால் ஒருவர் மேல் ஒருவராக ஏறி நின்று எடுத்துக்கொண்ட படம் பின்னாளில் உலகம் முழுக்கப் பரவியது. மரத்துக்குச் செய்ததைத்தான் போல்டர் ஸ்பிரிங்ஸ் பண்ணைக்காரர்கள் தங்கள் வீட்டுக்குச் செய்திருந்தார்கள், பதற்றம் இல்லாத நாட்களில்.

யார்னெல் தீ ஜூன் 28 மாலை மின்னல் விழுந்து தொடங்கியது. மறுநாள் அது ஒரு சின்னத் தீயாகவே தெரிந்தது. அதை அடக்க அனுப்பப்பட்ட ஆட்களும் சொற்பம். ஆனால் அந்தக் குன்றுப் பகுதி 1966க்குப் பிறகு எரியவே இல்லை. 47 ஆண்டுகளாக வளர்ந்து, பல இடங்களில் ஆள் உயரத்தையும் தாண்டி, வறட்சியில் காய்ந்து நின்றது புதர். 30ஆம் தேதி காலை தீ வடக்கே வேறொரு குடியிருப்பை நோக்கி நகர்ந்தது. ஹாட்ஷாட் குழு தீயின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

பிற்பகல் 3:26க்கு வானிலை மையத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. இடிமேகம் ஒன்று நெருங்குகிறது. அதிலிருந்து கீழிறங்கும் காற்று வடக்கு, வடகிழக்குத் திசையிலிருந்து மணிக்கு 65 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். அதாவது, இதுவரை ஊரை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்த தீ, ஊரை நோக்கித் திரும்பும். இந்தத் தகவல் குழுவுக்கும் போய்ச் சேர்ந்தது. அப்போது அவர்கள் நின்றது ஏற்கெனவே எரிந்து முடிந்த கரிநிலம். காட்டுத்தீயில் அதைவிடப் பத்திரமான இடம் வேறு இல்லை.

நாலு மணிக்குச் சற்றுப் பின்பு அவர்கள் அந்தக் கரிநிலத்தை விட்டுக் கிளம்பினார்கள். கீழே ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. தலைவர் எரிக் மார்ஷும் குழுவும் ஏன் கிளம்பினார்கள் என்று சொல்ல உயிரோடு யாரும் இல்லை. வேறிடத்தில் காவல் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டுமே தப்பினார். அரை மணி நேரத்துக்கும் மேலாக அவர்களிடமிருந்து உறுதிசெய்யக்கூடிய தகவல் எதுவும் வரவில்லை. பண்ணைக்கு இறங்கி, அங்கிருந்து ஊரைக் காக்கும் வேலைக்குத் திரும்ப நினைத்திருக்கலாம் என்பது விசாரணைக் குழுவின் ஊகம். முகட்டிலிருந்து மூன்று பக்கமும் மேடு சூழ்ந்த ஒரு பள்ளத்துக்குள் இறங்கினார்கள். இறங்கியதும் தீ அவர்கள் கண்ணுக்கு மறைந்தது. மறுபடி தெரிந்தபோது பள்ளத்தின் வாயை அடைத்துக்கொண்டு எதிரே வந்தது.

கையில் இருந்த அவகாசம் இரண்டு நிமிடம்கூட இல்லை. அதற்குள் சுற்றியிருந்த புதரை அறுத்து ஓர் இடம் உண்டாக்கப் பார்த்தார்கள். மேலே தீயடக்கும் ரசாயனத்தோடு டிசி-10 விமானம் வட்டமடித்தது. புகையில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கடைசியில் ஆளுக்கொரு தீக்கூடாரத்துக்குள் புகுந்து தரையோடு தரையாகக் குப்புறப் படுத்தார்கள். மெல்லிய அலுமினியத் தகடும் கண்ணாடி இழைத் துணியும் ஒட்டிச் செய்த உறை அது. தூரத்துத் தீயின் வெப்பத்தைத் திருப்பியடிக்கும். தீ நேரடியாகத் தொட்டால் தாங்காது. சுமார் 260 டிகிரியில் ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும். 660 டிகிரியில் அலுமினியமே உருகும். அங்கே வெப்பம் 1,090 டிகிரியைத் தாண்டியதாகக் கணக்கிட்டார்கள்.

இந்தச் சாவுகள் குறித்து இரண்டு விசாரணைகள் நடந்தன. 2013 செப்டம்பரில் வெளியான முதல் அறிக்கை, கவனக்குறைவுக்கோ விதிமீறலுக்கோ அடையாளம் இல்லை என்றது. டிசம்பரில் மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை நேர் எதிரான முடிவுக்கு வந்தது: காக்கவே முடியாத கட்டிடங்களுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் வீரர்களின் உயிரைவிட முன்னுரிமை கொடுத்திருக்கிறார்கள். மாநில வனத் தீத்துறைக்கு 5,59,000 டாலர் அபராதம். அந்த அபராதத்தில் சட்டச் சிக்கல் எவ்வளவு இருந்தாலும், விஷயத்தின் ஆணிவேரைத் தொட்டது இந்த இரண்டாவது அறிக்கைதான். ஏனென்றால் எரிக் மார்ஷ் எடுத்த முடிவு சரியா தவறா என்று அலசிக்கொண்டிருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. அந்த வீடுகளை அப்படியே புதருக்குள் விட்டு வைத்தவர்கள் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

யார்னெல்லுக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2006 அக்டோபர் 26 அன்று, தெற்குக் கலிபோர்னியாவில் எஸ்பெரான்சா தீ. யாரோ வைத்த தீ. வைத்தவனுக்குப் பின்னாளில் மரண தண்டனை விதித்தார்கள். மலைச்சரிவின் உச்சியில், ஓடையொன்று மேலேறி வந்து முடியும் இடத்தில், எட்டுப் பட்டை வடிவத்தில் ஒரு வீடு. உள்ளே ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை. அதைக் காக்க நின்ற மத்திய அரசின் வன சேவைத் தீயணைப்பு வண்டிக் குழுவினர் ஐந்து பேரும் செத்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது, சாய்வு பத்து டிகிரி கூடக் கூட வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இத்துறையின் பாலபாடம். வீடு நின்ற இடமே தீக்குப் புகைபோக்கி மாதிரி. அந்த இடத்தில் வீடு கட்ட அனுமதி கொடுத்த அன்றைக்கே பாதி விபத்து நடந்து முடிந்துவிட்டது.

தீயணைப்பு வீரர்களைக் காக்க அமெரிக்காவில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. 1956இல் இனாஹா தீயில் 11 பேர் இறந்த பிறகு பத்துக் கட்டளைகள் எழுதினார்கள். பிறகு பதினெட்டு எச்சரிக்கைச் சூழல்கள் சேர்ந்தன. 1994இல் கொலராடோவின் ஸ்டார்ம் கிங் மலையில் 14 பேர் இறந்ததும், மறு ஆண்டே மத்திய அரசின் தீக்கொள்கை திருத்தப்பட்டது: உயிருக்கு முதலிடம், சொத்தும் இயற்கை வளமும் அடுத்த இடத்தில். தாளில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் எதிரே ஒரு வீடு, வாசலில் குழந்தையின் சைக்கிள், பின்னால் புகை என்று நிற்கும்போது, 25 வயது இளைஞனுக்கு அந்தத் தாள் நினைவுக்கு வரும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அவன் அந்த வேலைக்கு வந்ததே விட்டுவிட்டுப் போகும் மனசு இல்லாததால்தான். அந்த நேரத்தில் அவனிடம் அந்த முடிவை விடுவதே தவறு.

அப்படியானால் முடிவு எங்கே, எப்போது எடுக்கப்பட வேண்டும்? இதற்கு ஓரளவு தெளிவான பதில் கிடைத்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. மான்டானாவின் மிசூலாவில் உள்ள வன சேவை ஆய்வகத்தில் ஜாக் கோஹன் என்ற விஞ்ஞானி வீடுகள் எப்படிப் பற்றுகின்றன என்பதையே ஆராய்ந்தார். கனடாவின் வடமேற்குப் பகுதியில் மரச்சுவர்களை நிறுத்தி, அருகில் உச்சிவரை கொழுந்துவிட்டு எரியும் நிஜக் காட்டுத்தீயை மூட்டிப் பார்த்தார்கள். 30 மீட்டர் தள்ளியிருந்த மரச்சுவர் தீப்பிடிக்கவில்லை. பனைமர உயரத் தீச்சுவர் வந்து வீட்டை விழுங்குகிறது என்று சினிமா காட்டுவது பெரும்பாலும் நடப்பதில்லை.

நடப்பது வேறு. காற்றில் கங்குகள் பறக்கின்றன, சில சமயம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். ஒன்று கூரை ஓரத் தகரத்தில் சேர்ந்திருக்கும் பைன் சருகில் விழுகிறது. இன்னொன்று பரணின் காற்றுத் துளை வழியாக உள்ளே நுழைகிறது. வாசல் மிதியடி, மரத்தாலான முன்தளம், சுவரோடு அடுக்கிய விறகு, ஜன்னலுக்குக் கீழே காய்ந்த செடி என்று எதுவும் போதும். தீ முன்னணி ஊரைத் தாண்டிப் போய்ப் பல மணி நேரம் கழித்துக்கூட, ஆளில்லாத வீடு உள்ளுக்குள் கனன்று எரிந்து சாம்பலாகும். அந்தச் சாம்பலுக்குப் பக்கத்திலேயே மரம் பச்சையாக நிற்கும். கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 2018 நவம்பரில் 85 பேர் இறந்து, 18,000க்கும் அதிகமான கட்டிடங்கள் எரிந்த பிறகு எடுத்த படங்களில் இந்தக் காட்சியைத் தெருத்தெருவாகப் பார்க்கலாம்.

அதே பாரடைஸில் இன்னொன்றையும் கணக்கெடுத்தார்கள். 2008இல் கலிபோர்னியா, தீ அபாயப் பகுதிகளுக்கு ஒரு கட்டிட விதி கொண்டுவந்தது: பற்றாத கூரை, பற்றாத வெளிச்சுவர், காற்றுத் துளைகளில் கங்கு நுழையாத கம்பிவலை. அதன் பிறகு கட்டிய வீடுகளில் ஏறத்தாழப் பாதி சேதமின்றித் தப்பின. அதற்கு முன் கட்டியவற்றில் தப்பியவை ஐந்தில் ஒன்றுகூட இல்லை. புது வீடுகளில் பாதி போனது என்பதையும் மறைக்கக் கூடாது. பக்கத்து வீடு எரிந்தால் அதன் வெப்பம் இந்த வீட்டையும் சாய்த்துவிடும். ஒருவர் மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை, தெருவே சேர வேண்டும்.

போல்டர் ஸ்பிரிங்ஸ் கதையைக் கேட்டுவிட்டு, சுத்தமான வீட்டில் தைரியமாக உட்கார்ந்திருக்கலாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் தயாராகி வீட்டைக் காத்து நில், இல்லையென்றால் முன்கூட்டியே வெளியேறு என்பதே நெடுங்காலம் கொள்கையாக இருந்தது. 2009 பிப்ரவரி 7 அன்று மூண்ட காட்டுத்தீயில் விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் வீட்டுக்குள்ளேயே. அதன் பிறகு, மிக மோசமான நாட்களில் ஒரே அறிவுரைதான்: காலையிலேயே கிளம்பிவிடு. வீடு தன்னைத் தானே காத்துக்கொள்ளும்படி செய்வது, மனிதர்கள் எல்லோரும் அதை விட்டு நகர்வதற்காக. வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும், தீயணைப்பு வீரருக்கும் பொருந்தும்.

பிறகு ஏன் இது நடப்பதில்லை? பணம் போகும் பாதையைப் பார்த்தால் விளங்கும். 1990க்கும் 2010க்கும் இடையே, காட்டோடு ஒட்டிய பகுதிகளில் அமெரிக்க வீடுகளின் எண்ணிக்கை 3.08 கோடியிலிருந்து 4.34 கோடியானது. அனுமதி தருவதும் சொத்து வரி வாங்குவதும் உள்ளூர் நிர்வாகம். தீ வந்தால் செலவில் பெரும்பங்கு மாநிலத்தின் தலையிலும் மத்திய அரசின் தலையிலும் விழும். மத்திய வன சேவையின் பட்ஜெட்டில் 1995இல் 16 சதவீதமாக இருந்த தீச்செலவு, 2015இல் பாதியைத் தாண்டியது. பெருந்தீக்களை அணைக்கும் செலவில் 50 முதல் 95 சதவீதம் தனியார் சொத்தைக் காப்பதற்கே போகிறது என்று 2006இலேயே வேளாண் துறையின் தணிக்கை சொல்லிவிட்டது. வருமானம் ஓரிடம், செலவு ஓரிடம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

உயிர்ச்செலவு இன்னும் அநியாயம். யார்னெல்லில் இறந்த 19 பேரில் 13 பேர் பருவகாலப் பணியாளர்கள். நிரந்தர ஊழியர்களின் குடும்பங்களுக்குக் கிடைத்த சலுகைகள் இவர்கள் குடும்பங்களுக்கு இல்லை என்றார்கள். நாடே வீரர்கள் என்று கொண்டாடிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வாரங்களில், அந்த வீரர்களின் மனைவிமார் நகராட்சியிடம் சண்டை போட வேண்டியிருந்தது. வீரம் என்ற பட்டம் சில சமயம் மிக மலிவான கூலி.

எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. பாரடைஸில் வாழ்ந்தவர்களில் பலர், நகரத்தில் வாடகை கட்ட முடியாமல் மலைக்கு வந்த முதியவர்கள். மரக்கூரையைப் பிரித்துப் போட்டுப் புதுக்கூரை போடப் பல ஆயிரம் டாலர் ஆகும். எழுபது வயதில் புதரை வெட்டச் சொல்வது எளிது, வெட்டுவது யார்? இதற்கு அரசு பணம் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்தாலும் நஷ்டமில்லை. ஒரு பெரிய தீயில் ஒரே நாளில் விமானங்களுக்குச் செலவாகும் தொகையில் எத்தனையோ வீட்டுக் காற்றுத் துளைகளுக்கு மூன்று மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை அடிக்கலாம். ஆனால் வலை அடிப்பதைத் தொலைக்காட்சியில் காட்ட முடியாது. விமானம் சிவப்பு ரசாயனத்தைக் கொட்டுவதைக் காட்டலாம்.

தமிழ்நாட்டு வாசகருக்குக் காட்டுத்தீ என்றதும் 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் புல்சரிவில் சிக்கி இறந்தது நினைவுக்கு வரும். நமது மலைகளில் தீ பெரும்பாலும் தரையோடு ஓடும் தீ. கலிபோர்னியாவின் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் கோடையில் தற்காலிகக் கூலிக்கு அமர்த்தப்பட்டு, பச்சைக் கிளையால் தீயை அடித்து அணைக்கும் தீத்தடுப்புக் காவலர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். காட்டோரத்தில் விடுதியும் பண்ணை வீடும் முளைப்பதும் இங்கே புதிதல்ல.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தீக்காலம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு காட்டோர ஊரிலும் வீடு வீடாகப் பார்த்து, எதைக் காக்க ஆள் நிறுத்த முடியும், எதற்கு முடியாது என்று பட்டியல் போட வேண்டும். முடியாத வீட்டின் உரிமையாளருக்கு அப்போதே எழுத்தில் சொல்ல வேண்டும்: இந்தப் புதரும் இந்தக் கூரையும் இப்படியே இருந்தால் உங்கள் வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். மாற்றிக்கொள்ள உதவியும் அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். குழுத் தலைவரின் கையில் தீ நாளன்று அந்தப் பட்டியல் இருந்தால், கரிநிலத்தில் நிற்பதற்கு அவர் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கொடூரமான யோசனை என்று சிலர் சொல்லக்கூடும். காப்பீட்டு நிறுவனங்கள் இதே மாதிரிப் பட்டியலை ஏற்கெனவே போட்டுவிட்டன, உதவி என்ற பகுதி மட்டும் இல்லாமல். ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் 2023இல் கலிபோர்னியாவில் வீடுகளுக்குப் புதுக் காப்பீடு தருவதை நிறுத்தியது. மறு ஆண்டு சுமார் 72,000 காப்பீடுகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. மாநில அரசு தன் பங்குக்கு, அபாயப் பகுதிகளில் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் பற்றக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்று 2020இல் சட்டம் இயற்றியது. அதற்கான விதிகள் 2023 தொடக்கத்தில் தயாராகியிருக்க வேண்டும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் 16,000க்கும் அதிகமான கட்டிடங்கள் எரிந்தபோதும் அவை எழுதி முடிக்கப்படவில்லை. தீக்குப் பிறகு ஆளுநர் உத்தரவு போட்டு வேகப்படுத்தினார். அப்போதும் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் வாக்குவாதம் தொடர்ந்தது, சுவரோரத்துச் செடிகளை அடியோடு எடுக்க வேண்டுமா, தண்ணீர் ஊற்றி வளர்க்கும் பச்சைச் செடிகளையாவது விட்டுவைக்கலாமா என்று.